ஆளுக்கு ஒரு படி என்ற ஆணையும் களஞ்சியத் திறவுகோலும்

நாடு பொலிக. நெல் பொலிக. காய்ச்சல் தொலைக.

தும்பைநாட்டுக் கோமான், குன்றெறிந்த வேலர், யானைமேல் ஏறவும் பிறர் உதவியின்றி இறங்கவும் வல்லவர், அதிரங்கோ மன்னர், தங்கையாரின் பேறுகாலத்துக்குத் துணையாக ஆற்றிடைத் தீவுக்கு எழுந்தருளி, மன்னர் தாமே பிறப்பித்த ஓடத்தடையால் அங்கேயே தங்கிவிட நேர்ந்த பெருந்தேவி செங்குவளை நாச்சியாரின் திருமுன்னுக்கு விடுக்கும் ஓலை. தீவும் தங்கையாரும் பிறந்த குழவியும் நலமுடன் விளங்குக. ஓடக்காரர் எவரையும் ஏற்றாமல், கயிறு கட்டிய வெறும் பரிசலில் இவ்வோலை வருகிறது. தடை எல்லார்க்கும் தடையே என்று தாங்கள் கடிந்துகொள்ள இடமில்லை.

இக்கரையில் மூச்சுக்காய்ச்சல் இன்னும் தணியவில்லை. மஞ்சள் தின்றால் அது அண்டாது என்று எவரோ கிளப்பிவிட, ஒரே பகலில் நாட்டு மஞ்சளெல்லாம் செல்வர் வீட்டுப் பரண்களில் ஏறிக்கொண்டது. மஞ்சளின் பின்னே புளி போயிற்று, புளியின் பின்னே உப்பும் போயிற்று. புளிக்கு என்ன மருத்துவ குணம் கண்டீர் என்று வினவியதற்கு, எல்லாரும் வாங்கினார்கள், ஆகவே நாங்களும் வாங்கினோம் என்று வணிகர் தெருவார் பணிவுடன் விண்ணப்பித்தனர். அரண்மனையில் ரசம் என்ற பட்டத்தோடு வெந்நீர் பரிமாறப்படுகிறது. நாவிதர் வீட்டோடு இருப்பதால் மன்னர் தலையில் முடி புதராகி, மணிமுடி அதன்மேல் கூடு கட்டிய பறவைபோல் அமர்ந்திருக்கிறது. பேராயத்தார் ஆளுக்கொரு மாடத்தில் நின்று கத்திக் கத்தி ஆலோசனை புரிகின்றனர். நேற்று ஒருவர் சொன்னது சிலர் காதில் போர் என்றும் சிலர் காதில் மோர் என்றும் விழ, நெடிய விவாதத்துக்குப் பின் மோருக்கே ஒப்புதல் ஆயிற்று.

இனி, விடயம்.

மருத்துவர்கள் ஓயாமல் பத்தியம் எழுதித் தள்ளியதில் ஓலைக்கும் பஞ்சம் வந்தது. படித்துறைச் சந்தையில் மக்கள் முண்டியடிப்பதைத் தடுக்க, ஆற்றங்கரைப் படிகளில் ஒருவருக்கு ஒரு படி என விலகி நிற்க வேண்டும் என்று ஆணையெழுத மன்னர் தாமே எழுத்தாணி எடுத்தார். கையிலிருந்ததோ ஓர் ஓலை நறுக்கு. நிற்க என்ற சொல்லை விட்டால் இடம் மிஞ்சும் என்று கண்டு, தம் சுருங்கச் சொல்லும் திறனைத் தாமே வியந்து, 'சந்தையில் ஆளுக்கு ஒரு படி. இது அரசாணை' என்று எழுதிக் கொடுத்தார். முரசறையும் கோடன் அதை எழுத்துப் பிசகாமல் தெருத்தெருவாக முழங்கினான்.

மறுநாள் காலை ஊரே பானையும் முறமும் கோணியுமாகப் படித்துறையில் திரண்டது. விலகி நிற்கச் சொன்ன ஆணை திருவிழாக் கூட்டத்தைக் கூட்டிவிட்டது.

கோடனைச் சிறையில் தள்ளி, தவறாக முழங்கினான் என மறு முரசு அறைந்துவிடலாம் என்று அமைச்சர் மருதநம்பி மாடத்திலிருந்து கூவினார். மன்னர் தலையும் வாயும் மூடத் துணி கட்டிக்கொண்டு தனியே படித்துறைக்கு நடந்தார். அங்கே, படி என்றால் கல்படியாம், நெல் இல்லையாம் என்று காவலன் ஒருவன் விளக்கிக்கொண்டிருந்தான். பூ விற்கும் செவந்தாயி என்பவள் இடுப்பில் பானையோடு அவன் எதிரே நின்று கூறியதை, திருத்தம் எதுவுமின்றி அவ்வாறே பொறிக்க மன்னர் பணித்தார்:

"ஏய்யா, காய்ச்சல் வந்ததுலேர்ந்து ஒரு முழம் பூ விக்கல. ராசா படி குடுக்கிறாருன்னு முரசு அடிச்சுப்புட்டு, இப்ப படியில போய் நில்லுங்கிற. கல்லையா பேத்து உலையில போடச் சொல்ற? போட்டா வேகுமான்னு ராசாவையே கேட்டுச் சொல்லு!"

கூட்டம் சிரித்தது. மன்னரும் துணிக்குள் சிரித்தார். பிறகு அவள் பானையைப் பார்த்தார். அதன் அடியில் கரியே இல்லை, தேய்த்த பளபளப்பு அப்படியே இருந்தது. அடுப்பில் ஏறாத பானையை அரண்மனையில் எவரும் கண்டதில்லை ஆதலால், அதன் பொருள் விளங்க மன்னருக்குச் சற்று நேரம் பிடித்தது.

விளங்கியதும் துணியை அவிழ்த்தார். முடிப்புதரைக் கண்டு முதலில் அஞ்சியவர்கள், பிறகு மன்னரை அடையாளம் கண்டு வணங்கினர். கோடன் முழங்கியது சரியே என்றும், நாளை விடியலில் ஆளுக்கு ஒரு படி நெல் அளக்கப்படும் என்றும், வருவோர் ஆளுக்கொரு கல்படியில் நிற்க வேண்டும் என்றும் மன்னர் வாக்களித்தார். வாக்களித்துத் திரும்பும் வழியில்தான் களஞ்சியத் திறவுகோல் எங்கிருக்கிறது என்பது நினைவில் உதித்தது. துணியை மீண்டும் கட்டியிருந்ததால் வாயில்காவலன் வழிமறித்து, "தள்ளிப் போய்யா, உள்ளயும் ஒண்ணுமில்ல" என்று கூறினான். உண்மை சொன்ன அவனுக்கு மன்னர் ஒரு முத்துவடம் அளித்தார்.

திறவுகோல் தேவியார் இடையில் இருப்பதே நம் முன்னோர் வகுத்த முறை. அரசர் கையில் கிடைத்தால் பாடிவந்த முதல் நால்வருக்கே களஞ்சியம் தீர்ந்துவிடும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். புது நெல் வரும்வரை கதவைத் தொடக்கூடாது என்று தாங்கள் ஓடமேறும்போது விரல் நீட்டிச் சொன்னதும் மன்னர் செவியில் இன்னும் ஒலிக்கிறது. விதைநெற் பத்தாயம் தொடப்படாது. அறுவடை வரை அரண்மனையில் இரவுக்குக் கஞ்சியே என்று மடைப்பள்ளிக்கு ஆணை சென்றுவிட்டது. மருதநம்பி கண்ணீர் விட்டார். காரணம் தேசபக்தி என்று கூறிக்கொண்டார்.

ஆகவே, இப்பரிசலிலேயே திறவுகோலை வைத்துக் கயிற்றை அசைத்தருள்க. கட்டளை என்று முடிப்பது ஓலை மரபு. தேவியாருக்கு இட்ட கட்டளை எதுவும் இதுவரை நிறைவேறியதாகச் சான்று இல்லாமையால், வேண்டுகோள் என்று கொள்க. கட்டளை காவலர்க்கு மட்டுமே: கிழக்கு வெளுக்கும்போது திறவுகோல் கரை சேரவில்லை எனில், கோடரியை மன்னர் கையில் கொடுத்து அனைவரும் விலகி நிற்க. முதல் வெட்டும் கடைசி வெட்டும் மன்னருடையதே. பூட்டு உடைந்தால் தேவியாரின் சினம் மன்னர்மேல். உலை ஏறாவிட்டால் பழி நாட்டின்மேல். முன்னதைத் தாங்கி மன்னருக்குப் பழக்கம் உண்டு.

தும்பைப்பூ இலச்சினை இட்டது. மெழுகும் கிடைக்காமையால், அடுப்புக்கரி தொட்டு.