ரூத்தின் கை

ரங்கூன், 1924 ஆகஸ்ட் 12, செவ்வாய்.

ரூத்தும் நானும் ஒன்றாக நர்ஸ் படிப்பு படித்தவர்கள். ஜெர்மன் சண்டைக்குப் பட்டாளத்தில் நர்ஸ் கேட்டபோது நான் பயந்து நின்றுவிட்டேன். அவள் பாஸ்ராவுக்குப் போய்ப் பதக்கத்தோடு திரும்பினாள்.

இன்று துறைமுகத்தில் கால் நசுங்கிய கூலியாள் ஒருவரை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். முன்னாள் சிப்பாய். என்னைத் தொடவிடவில்லை.

"நீங்க வேணாம்மா. பாஸ்ராவுல என்னைப் பொழைக்க வச்ச ரூத்தம்மா வரட்டும்."

எனக்கு வயிறு எரிந்தது.

ரூத் வந்து, "முனுசாமிதானே?" என்றாள். அவர் அடங்கிவிட்டார். பிறகு என் காதருகே, "நீ கட்டுடி. சண்டையிலேர்ந்து வந்தப்புறம் என் கை நடுங்குது. டாக்டருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்" என்றாள்.

கட்டியது நான். அவர் கும்பிட்டது அவளை.

சாயங்காலம் டாக்டர் அறைக்குப் போனேன். என்ன என்று கேட்டார். பஞ்சு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அலமாரி நிறையப் பஞ்சு இருக்கிறது.