பதினான்காம் வரிசையில் நான் மட்டும்

ஜூலை 8, திங்கள். சென்னை.

மகள் ஆனிக்கு ஐந்தாம் மாதம். இப்போதே கால் வீங்குகிறது. "பிரசவத்தப்போ நீ பக்கத்துல இருக்கணும்மா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள், மூன்று தடவையும் என் முகத்துக்கு நேரே நின்று. மூளைக்காய்ச்சலில் எனக்குக் காது போய் ஆறு வருஷம். மகள் வாயசைவில் மட்டும் ஒரு சொல்கூடத் தவறுவதில்லை.

நாளை மத்தியானம் ஊருக்கு விமானம். டிக்கெட் போடும்போதே 'காது கேளாதவர்' என்று ஆனி குறித்துவிட்டாள்.

ஜூலை 9, செவ்வாய். தூத்துக்குடி.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சென்னையில் என் பெயரைப் பார்த்ததும் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். காது கேட்காததற்கு நாற்காலி! வேண்டாம் என்று நடந்தேன். அந்தப் பெண் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தாள்.

பதினான்காம் வரிசை, ஜன்னல் ஓரம். உப்பளங்கள் தெரிந்தன. வெள்ளைச் சதுரங்கள் பெரிதாகி வந்து, இறங்காமலே திரும்பச் சிறிதாகிவிட்டன. கீழே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் போயின. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போயின. மூன்றாம் தரம் போனபோதுதான் உள்ளே திரும்பிப் பார்த்தேன்.

எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். கூரையில் ஒன்றுமில்லை. அப்புறம் முகங்கள் மாறின. குழந்தை வைத்திருந்தவள் அதன் தலையை மாரோடு அமுக்கினாள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். எதிர்ப்பக்கத்துக்காரரின் உதடு ஓயாமல் அசைந்தது. முருகா, முருகா. அது மட்டும்தான் படிக்க முடிந்தது. என்ன? என்னதான் சொன்னார்கள்? பணிப்பெண் தன் இருக்கையில் பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கினேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

விளக்குகள் அணைந்தன.

உடனே அத்தனை பேரும் குனிந்தார்கள். முன்னிருக்கையில் நெற்றியை வைத்து, கையால் தலையைப் பொத்திக்கொண்டு. எனக்கு முன்னால் ஒரு தலைகூட இல்லை. விமானி அறைக் கதவு வரைக்கும் வெறும் இருக்கைகள். பட்டப்பகல் வெயில் ஜன்னல் வழியே விழுந்து அவற்றின் மேல் ஊர்ந்து போகிறது. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போனேனா? செத்திருந்தால் இப்படித்தானே இருக்கும், சத்தமில்லாமல் — எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

பக்கத்துக்காரரின் கை என் பிடரியில் விழுந்து கீழே அமுக்கியது.

நல்லபடியாக இறங்கினோம். ஓடுபாதை ஓரம் தீயணைப்பு வண்டிகள் நின்றன. பக்கத்துக்காரர் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி, செல்வதுரை என்று பெயர். போர்டிங் பாஸின் பின்புறம் எழுதிக் காட்டினார்: "சக்கரம் இறங்குச்சான்னு தெரியலயாம். பார்த்தா, அதக் காட்டுற பைலட் முன்னாடி வெளக்குதான் கோளாறு. அரைமணி நேரமா சொல்லுதாங்களே, கேக்கலயா?"

அரைமணி நேரம்.

ஜூலை 14, ஞாயிறு

மாதா கோயிலில் பூசைக்குப் போனோம். நடுப்பூசையில், சாமியார் அப்பத்தை உயர்த்தும் நேரம், எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்காலிட்டார்கள். சின்ன வயசிலிருந்து தெரிந்த பூசை, எப்போது முழங்காலிட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அத்தனை முதுகுகளுக்கு நடுவே நின்றுகொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தபோது கத்திவிட்டேனாம்.

ஜூலை 17, புதன்

செத்த காதில் சத்தம் கேட்கிறது.

முதலில் 'டிங்' என்று விமானத்து மணி. பிறகு ஒரு பெண் குரல், சொல் எதுவும் பிடிபடாமல். ஆறு வருஷத்தில் நான் கேட்ட முதல் குரல். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் அண்ணாந்து நின்றுவிட்டேன். "ஏளா, மேல என்னத்தப் பாக்க?" என்று வீட்டுக்காரர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

டாக்டர் எழுதிக் கொடுத்தார்: காது அனுப்பாததை மூளை தானே உண்டாக்கிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். சரி. ஆனால் அவ என்னதான் சொல்லுதா?

ஜூலை 26, வெள்ளி

என் புகாருக்கு விமான நிறுவனத்தின் பதில் வந்தது. வருந்துகிறார்களாம். மேலும் பேசக் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வாசலில் ஒரு பெண். முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு இருக்கையில் பட்டை மாட்டிக்கொண்டிருந்தவள். உமாராணி. என் புகாரைக் காட்டி அவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

மெதுவாக, வாய் தெரியப் பேசினாள். "லிஸ்ட்ல உங்க பேரு இருந்துச்சுக்கா. பதினாலுன்னு வட்டம் போட்டு வச்சிருந்தேன். மணி அடிச்சதும் மறந்துட்டேன். எனக்கும் அது முத தடவ."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த அரைமணி நேரத்தில் அவளும் பயந்திருக்கிறாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்றாவது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"என்ன இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள். இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். சாயங்காலத்துக்குள், விமானத்தில் எடுத்துக் காட்டப் பதினோரு அட்டைக்கு வாசகம் எழுதிவிட்டோம். பெரிய எழுத்து, சின்ன வாக்கியம்.

செப்டம்பர் 12, வியாழன்

பதினொன்றில் ஆறு அட்டைக்குத்தான் விமான நிறுவனத்தின் அனுமதி. போகட்டும்.

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்து மாடியில் பத்து ஊழியர்களுக்குப் பயிற்சி. ஓடுபாதையில் வேலை செய்கிறவர்களின் காதுமூடியை எல்லோருக்கும் மாட்டி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்கார வைத்தோம். உமாராணி பின்னால் நின்று மைக்கில் பேசினாள். முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த இரண்டு பேர் மட்டும் குனிந்தார்கள்.

மற்ற எட்டுப் பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர். கடைசியில் என்னை. எட்டு ஜோடிக் கண்களும் என் உதட்டில். ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்றேன். அது கொஞ்சம் கொடூரம்தான்.

நவம்பர் 4, திங்கள்

மருமகனிடமிருந்து வாட்ஸ்அப். ஆனிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, பதினாறு நாள் முன்னதாகவே. வீட்டுக்காரர் துறைமுகத்து இழுவைப் படகில் வேலையில் இருக்கிறார். ரயிலில் போனால் விடிந்துதான் சேர முடியும். மத்தியான விமானத்தில் ஓர் இடம் இருக்கிறது.

மாதாவே.

நவம்பர் 5, செவ்வாய். சென்னை.

பேத்தி. இரண்டே முக்கால் கிலோ. ஆனி தூங்குகிறாள்.

நேற்றைய பயணத்தை எழுதிவிட வேண்டும். சென்னையை நெருங்கும்போது வெளியே ஒரே வெள்ளை மழை. சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் விமானம் வெடுக்கென்று மேலே கிளம்பியது. கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். கண்ணையும் மூடினால் எனக்கு உலகமே இல்லை. ஆனாலும் மூடிக்கொண்டேன்.

யாரோ முழங்கையைத் தொட்டார்கள். இதுவரை நான் பார்த்திராத பணிப்பெண் ஒருத்தி, குனிந்து என் முகத்துக்கு நேரே அட்டையைப் பிடித்திருந்தாள். கனமழை. ஓடுபாதை தெரியவில்லை. சுற்றி வந்து மறுபடி இறங்குவோம். விமானத்தில் கோளாறு இல்லை.

இரண்டு தடவை படித்தேன். தலையாட்டினேன். அவள் நிமிர்ந்து, அதன் பிறகுதான் முன்னால் போய் அறிவிப்புக் கருவியை எடுத்தாள்.

பக்கத்தில் இருந்த பெண், காதில் பாட்டுக்கருவியோடு தூங்கியவள், பதறி எழுந்து அதைப் பிடுங்கிப் போட்டு என் கையைப் பற்றினாள். "என்னக்கா? என்ன சொல்லுதாங்க?"

சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை, முன்வரிசைக்காரர்களும் திரும்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.