மதியை டவுன்காரி ஆக்கியவளுக்கு

அக்கா,

இன்று காலை உன் வீட்டுக் கொடியில் இலக்கியாவின் டிராக் சூட் காய்ந்துகொண்டிருந்தது. கருநீலத்தில் வெள்ளைப் பட்டை, நெஞ்சில் பள்ளிச் சின்னம். காலாண்டு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். துவைத்துப் போட்டது உன் வீட்டுக்காரர்தான் போல; சரியாகப் பிழியாமல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போன லீவில் என்றால் ஓடிப்போய் நானே எடுத்துப் பிழிந்து உதறிப் போட்டிருப்பேன். இன்று கையில் விளக்குமாற்றோடு நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதே மாதிரி ஒன்று என் வீட்டுக் கொடியிலும் தொங்கியிருக்க வேண்டும். அது ஏன் தொங்கவில்லை என்பது முந்தாநாள்தான் எனக்குத் தெரிந்தது. 'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். நீ சில மாதம் மூத்தவள் என்பதற்காக உன்னை 'அக்கா' என்று கூப்பிட வைத்தாய். மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி, மற்றபடி நீ, நான்தான். உனக்கு இலக்கியா, எனக்கு மதி, இரண்டும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படிக்கிற அந்தப் பள்ளியைப் பற்றி முதலில் பேச்செடுத்தவள் நீதான். சாப்பாடு, துணிமணி, புத்தகம் எல்லாம் அவர்களே. உள்ளே நுழைந்துவிட்டால் பிள்ளை ஆளாகித்தான் வெளியே வரும் என்று பாபநாசம் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் நுழைவுத் தேர்வு எழுதுகிற கூட்டத்துக்கு இடம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பி.எஸ்சி. கணக்குப் படித்துவிட்டு அடுப்படியில் கிடந்தவள் நான். கணக்கு என் பொறுப்பு, தமிழும் அறிவுத்திறன் கேள்விகளும் உன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். கண்ணாடியில் பார்த்தால் உருவம் எப்படித் தெரியும் என்கிற கேள்வியில் இரண்டு பிள்ளைகளும் தடுமாறின. நான் படம் போட்டுப் போட்டு அலுத்துப்போனேன். நீ போய் ஒரு அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து உள்ளே வெளியே திருப்பிப் போட்டாய். சாக்கில் அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் மறுபக்கம் தலைகீழாகாமல் இடவலம் மட்டும் மாறித் தெரிந்தது. மதி கைதட்டினாள். அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கேள்வி ஒன்றுகூட அவளுக்குத் தப்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நீ நல்ல வாத்தியார். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நாலாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், கோடை விடுமுறையில், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே சொன்னாய்.

"மதி மாதிரி கெட்டிக்காரப் புள்ளைய இங்க போட்டு வீணாக்காத. கும்மோணத்துல இங்கிலீஷ் மீடியத்துல சேத்து விடு. பரீட்சையில தூக்கிடுவா."

இலக்கியாவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். அவள் மந்தம், அவளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடமே அதிகம் என்று சிரித்தாய். பெற்ற பெண்ணைத் தாழ்த்தி என் பெண்ணை உயர்த்திச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் குளிராது? என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று முனகினார். நீ அவரிடமும் பேசிச் சம்மதிக்க வைத்தாய். மதி வேனில் கும்பகோணம் போய்வர ஆரம்பித்தாள். சாயங்காலம் வந்து விழுந்து, முகம் கழுவி, உன் வீட்டுக்கே படிக்க ஓடினாள்.

விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்கு நாம் சேர்ந்துதான் போனோம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்று அந்தப் பள்ளியில் பெரும்பங்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நம்மைவிடக் கிராமம் யார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொல்லைக் கதவைத் திறந்தால் நடவு வயல். அறுப்பு மெஷின் ஊருக்குள் வந்தால் வாசலில் காயும் துணியெல்லாம் பதர். ஆனால் கம்ப்யூட்டரில் இருந்த பையன் மதியின் பெயருக்கு எதிரே 'நகரம்' என்று போட்டான். நான் சண்டைக்குப் போனேன். அவன் பொறுமையாகச் சொன்னான், வீடு எங்கே என்று கேட்கவில்லையாம், மூன்று, நாலு, ஐந்து என மூன்று வகுப்பும் படித்த பள்ளிக்கூடம் எங்கே என்றுதான் கேட்கிறதாம். இலக்கியாவுக்குக் 'கிராமம்' என்று வந்தது. நீ என் முதுகைத் தடவிக் கொடுத்தாய். மதிக்கு ஒதுக்கீடு எதற்கு, அவள் பொதுவிலேயே வந்துவிடுவாள் என்றாய்.

வரவில்லை. இலக்கியாவைவிட மதி வாங்கிய மதிப்பெண் அதிகம். அதிகமிருந்தும் பொதுப் பட்டியலுக்கு அது எட்டவில்லை. இலக்கியா கிராமத்துப் பட்டியலில் உள்ளே போனாள். அன்று நீ என் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். மதிக்குக் கிடைக்காத இடம் இலக்கியாவுக்குக் கிடைத்து என்ன சந்தோஷம் என்று தலையில் அடித்துக்கொண்டாய். தேற்றியது நான். எல்லாம் அவரவர் தலையெழுத்து, உன் பெண் போனால் என் பெண் போன மாதிரி என்றேன். விடுதிக்குப் போகும் துணிகளில் எண் தைக்க வேண்டும் என்றபோது உனக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று நான்தான் உட்கார்ந்து தைத்தேன். பாவாடை, சட்டை, சாக்ஸ், துண்டு, ஒவ்வொன்றிலும். பக்கத்தில் உட்கார்ந்து நூல் கத்தரித்துக் கொடுத்தவள் மதி.

முந்தாநாள் இலக்கியா என் அடுப்படியில் தோசை தின்றுகொண்டிருந்தாள். தாயில்லாப் பிள்ளை என்று நெய்யை ஊற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மதி டியூஷனுக்குப் போயிருந்தாள். தெருக்கோடி வீட்டில் மூன்றாவது படிக்கிற குழந்தையை டவுன் பள்ளிக்கு மாற்றப் போகிறார்களாம் என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்.

"மாத்த வேணாம்னு சொல்லுங்க சித்தி. நான் மூணாவது படிக்கையிலயே எங்க மாமா போன்ல சொல்லிட்டாங்க, மூணு வருசமும் ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே படிச்சாதான் கிராமத்துக் கோட்டான்னு. அதான் அம்மா என்னை எங்கயும் மாத்தல."

கல்லில் இருந்த தோசை கருகிப்போனது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அம்மாவின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அதற்குப் பெருமை. இன்னொரு தோசை கேட்டது. ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்றாவதிலேயே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உளுந்து புடைத்தாய். மதி கூடவே இருந்தால் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த இடம் அவளுக்குத்தான் போகும் என்று கணக்குப் போட்டாய். கணக்கு என் பொறுப்பு என்று நினைத்த நான்தான் முட்டாள். கூடவே இருந்து குழி பறித்தாய் அக்கா. அதுவும் எப்படி, என் பெண்ணைப் புகழ்ந்து புகழ்ந்து. திட்டியிருந்தால்கூட நான் உஷாராகியிருப்பேன். போட்டி என்று நேராகச் சொல்லியிருந்தால், உன் பெண் உனக்கு, என் பெண் எனக்கு என்று ஒதுங்கியிருப்பேன். போயும் போயும் அந்தக் கண்ணாடிக் கணக்கை எதற்கு அவ்வளவு ஆசையாகச் சொல்லிக் கொடுத்தாய்? பந்தியில் இடத்தைப் பறித்துக்கொண்டு, சமாதானத்துக்குக் கையில் பதார்த்தம் கொடுத்ததா? இதைக் கேட்க நீ இல்லை. சண்டை போடக்கூட ஆளில்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாய்.

கடைசியாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, மத்தியானம் கஞ்சி குடித்து முடித்துவிட்டு என் கையைப் பிடித்தாய்.

"ஒனக்கு என் மேல கோவம் ஏதும் இல்லியே?"

காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்று நினைத்தேன். எனக்கென்ன கோபம், பேசாமல் தூங்கு என்றேன். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதைப் பார்த்து எனக்கும் நிம்மதி. இப்போது புரிகிறது. எதற்கென்று சொல்லாமலே என்னிடமிருந்து மன்னிப்பைக் கறந்துகொண்டாய். இடத்தைக்கூட விட்டுவிடுவேன், இதை எப்படி விடுவேன்?

என் கவலை இப்போது மதி. அந்தத் தேர்வுக்குப் பிறகு அவள் கணக்கு நோட்டைத் தானாகத் திறப்பதில்லை. எனக்கு மூளை அவ்வளவுதான்மா என்று ஒருநாள் சொன்னாள், இலக்கியாவே பாஸாகிவிட்டாள் என்றால் என்று. நேற்று அவளை உட்கார வைத்து அந்தப் பள்ளியின் விதியைச் சொன்னேன். நீ மட்டம் இல்லை, நீதான் அதிகம் வாங்கினாய், உன்னை டவுன் பள்ளியில் சேர்த்ததால் வந்த வினை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் உனக்காக அதிகம் அழுதவள் அவள்தான்.

"அப்ப பெரியம்மாவுக்கு இது தெரியாதாம்மா?"

தெரியாது என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. எழுந்து போய் இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் விளையாடப் போனாள். அவள் நெஞ்சில் நீ இன்னும் நல்ல பெரியம்மாவாகவே இருக்கிறாய். அந்தப் பொய்யை இனி நான்தான் சுமக்க வேண்டும், அவள் வளர வளர அதுவும் கனக்கும். இரண்டு பிள்ளைகளுக்காகச் சொன்னேன், உனக்காக இல்லை. அன்று நீ கேட்ட கேள்விக்குத் தெரியாமல் பதில் சொல்லிவிட்டேன். தெரிந்து இப்போது சொல்கிறேன். கோபம் இருக்கிறது அக்கா.