ஒரு பக்கத் திருத்தம்

டாக்டரம்மா,

இன்று காலை துணை சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரைப் பெட்டியைப் பிரித்தேன். அந்தத் துரு வாடை மூக்கில் ஏறியதும் வேலை ஓடவில்லை. உங்கள் நினைவாகவே இருந்தது.

போன மாதம் உங்கள் கல்லூரியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்தேன். இரத்தப் புற்றுநோய் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளை ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நீங்கள் வெளியிட்ட அந்த ஒரு பக்கத் திருத்தத்தைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று காத்திருந்தேன். யாரும் பேசவில்லை. எனக்கும் எழுந்து சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என் தவறையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மலைப் பெண்களின் இரத்தசோகையை ஆராய நீங்கள் வந்தபோது வளப்பூர் நாடு என்னும் எங்கள் மலைப்பகுதியில் ஊர் ஊராக உங்களை அழைத்துப்போனவள் நான். மாத்திரை கொடுப்பதும், சாப்பிட்டார்களா என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. அந்தப் பெண்களில் வெள்ளையம்மாளுக்கு மட்டும் மாதங்கள் போயும் இரத்தம் ஏறவே இல்லை. ஒரு நாளும் தவறாமல் தின்கிறேன் என்றுதான் அவள் ஒவ்வொரு முறையும் சொன்னாள். மிளகுக் கொடிக்கு அடியில் கொட்டிவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று நானாக முடிவு கட்டி, 'சாப்பிடவில்லை' என்று எழுதினேன். அதை நம்பி நீங்களும், ஒரு பெண்ணுக்கு இரத்தம் ஏறாததற்குக் காரணம் மாத்திரை சாப்பிடாததுதான் என்று கட்டுரையில் எழுதினீர்கள். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தை என் வீட்டுக்காரரிடம் எத்தனை முறை காட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "வெள்ளையம்மா சாப்பிடலைன்னு அவங்களே சொன்னாங்களா?" என்று கேட்டீர்கள்.

இல்லை என்றேன். எடுத்து வைத்திருந்த இரத்தத்தை வேறொரு சோதனை செய்து பார்த்ததாகச் சொன்னீர்கள். அவளுக்கு இருந்தது பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு. எத்தனை மாத்திரை விழுங்கினாலும் தீராது. என்னைத் திட்டுவீர்கள் என்று நின்றேன். "நான் ஒரு தடவை அவங்களையே கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தீர்கள்.

வெள்ளையம்மாள் வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தீர்கள்.

"நீங்க சொன்னதுதாங்க நிஜம். நான் புத்தகத்துல தப்பா எழுதிட்டேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் பொய் சொன்னேன்னு எழுதிருக்குதுங்களா?"

"பேர் போடலைங்க. ஆனா அப்படித்தான் அர்த்தம் வருது."

"அப்ப மாத்திருங்க சாமி."

மாற்றினீர்கள். பதிவேட்டின் மீது ஒரு வார்த்தை பழி போடாமல், சரிபார்க்காமல் எழுதியது உங்கள் தவறே என்று உங்கள் பெயரில் அச்சிட்டு வெளியிட்டீர்கள். மூத்தவர்கள் வேண்டாம் என்று தடுத்ததைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன். வெள்ளையம்மாளின் மகளுக்கும் அதே குறை இருந்தது. இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்று, கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளையின் இரத்தத்தையும் பார்க்க வைத்தீர்கள். அவருக்கு அது இல்லை. பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அன்று அந்த வாசலில் நான் வாயே திறக்கவில்லை. நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அஞ்சலிக் கூட்டம் முடிந்து வந்த மறுநாள் வெள்ளையம்மாளிடம் போனேன். நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். பிறகு, 'சாப்பிடவில்லை' என்று பதிவேட்டில் எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

"தெரியுமுங்க நர்சம்மா," என்றாள். "அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுதுங்க. நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

நீங்கள் ஒரே நாளில் சொன்னதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, டாக்டரம்மா. இப்போதெல்லாம் ஒருவர் என்ன சொன்னாரோ அதைத்தான் எழுதுகிறேன். நான் நினைப்பதை எழுதுவதில்லை.