தலைப்பாகை கட்டாமல் வருகிறேன்

ஹட்டன்
12.8.1958

அன்புள்ள ராக்காயிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? லெட்சுமி வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

பல்கலைக்கழகத்துக்கு அடுத்த வருடம் விண்ணப்பிக்கட்டும், அதற்குள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மாற்றலாகிவிடுவார் என்று முன்பு எழுதினேன். "அடுத்த வருசம்னா அதுக்குள்ள என்னையத் தேயிலைக் கொழுந்தெடுக்க அனுப்பிருவாங்கப்பா" என்று அவள் எழுதிய பதில் ஐந்து நாளாக என் சட்டைப்பையில் இருக்கிறது. இந்த வருடமே போடட்டும். முப்பதாம் தேதி கடைசி.

அவள் பிறந்த தேதிக்குத் தோட்டத்து ஆபிசில் கடிதம் வேண்டும். தகப்பன் நேரில் வந்து கேட்டால்தான் தருவாராம் கிளாக்கர். அவர் முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அது முடியாது என்றுதானே வேலையை உதறிவிட்டு, ஏழு வருடமாக முனாப் நானா கடையில் மூட்டை தைக்கிறேன்? அன்று நான் செய்தது சரி. இனியும் அவிழ்க்க மாட்டேன்.

ஆகையால் திங்கட்கிழமை தலைப்பாகை கட்டாமலே வருவேன். கட்டாததை அவர் எப்படி அவிழ்க்கச் சொல்வார்?

பழகுவதற்காக மூன்று நாளாக வெறுந்தலையோடு கடைக்குப் போகிறேன். "என்ன பெரியவரே, இன்னைக்குத் தலை மட்டும் தனியா வந்திருக்கு!" என்று நானா சிரித்தார். மழையில் நனைந்து கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, வேறொன்றுமில்லை.

என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து வை. கொஞ்சம் கொத்தமல்லி வறுத்து வை. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

லெட்சுமியை மட்டும் ஆபிசுப் பக்கம் அனுப்பாதே. நான் வெறுந்தலையோடு யார் முன்னாலும் நின்று அவள் பார்த்ததில்லை.

வைரவன்