அடியில் ஓடிய ரோஸ் நூல்

கார்பரி, அயோவா
1984 செப்டம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள லூயெல்லாவுக்கு,

உன் இர்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அரிசோனா வெயிலுக்கு வலி ஓடிப்போகும் என்று போனவள், இப்போது வெயிலையும் சேர்த்துத் திட்டுகிறாய் என்று உன் தங்கை மேபெல் சொன்னாள். சோளம் அறுவடைக்கு நிற்கிறது. என் வீட்டுக்காரர் ரே, காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்.

நம் பழைய வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. இத்தனை வருடம் எடுக்கவில்லை. இன்றைக்கு எடுக்கத்தான் போகிறேன். கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நகர மன்ற வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கிறார்கள். போர்க்காலத்தில் ராணுவத்துக்குச் சாமான் செய்துகொடுத்த ஊர்த் தொழிற்சாலைகளின் பெயரெல்லாம் அதில் வரும். இரும்பு வார்த்தவர்கள் உண்டு, சோளத்தை டப்பாவில் அடைத்தவர்கள் உண்டு. நம் கச்சைக் கம்பெனி மட்டும் இல்லை. கமிட்டித் தலைவர் யார் தெரியுமா? ஆர்வில் பென்டர். பள்ளிக்கூடத்தில் உன் ஜடையை இழுத்து அடி வாங்கினானே, அவனேதான். காபிக் கடையில் பிடித்துக் கேட்டால், அத்தனை பேர் முன்னாலும் சிரிக்கிறான். "நீங்க பொம்பளைங்க இடுப்பைத்தானே இறுக்குனீங்க இர்மா, ஹிட்லரையா இறுக்குனீங்க?"

ராணுவத்துக்குப் பை தைத்தோம் என்றேன். ஆதாரம் எங்கே என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கிழக்கே இருந்த பெரிய கம்பெனி எடுத்த ஒப்பந்தத்தில் கொஞ்சத்தை வாங்கித் தைத்தவர்கள்தானே நாம். பையில் குத்தியதெல்லாம் அவர்கள் முத்திரை. நம் கம்பெனியும் கணக்குப் புத்தகங்களோடு தீயில் போயாயிற்று. நேரே வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நான் திட்டிய திட்டு ரேயின் காதில் விழாமல் போனது நல்லதாயிற்று.

போன வாரம் நெப்ராஸ்காவிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் டுவைட் ஹாஸ்கின். தபால்காரர். போர்க்காலத்துக் கித்தான் பைகளையும் இடுப்பு வார்களையும் தேடிச் சேர்த்து, எதை எந்த ஊரில் யார் தைத்தார்கள் என்று துப்புத் துலக்குவது அவருக்கு ஒரு பைத்தியம். காபிக் கடையில் ஆர்வில் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தபோது நான் உள்ளே போனேன். மேசைமேல் ஒரு தோட்டாப் பை. ஓரத்தில் தையல் கொஞ்சம் பிரிந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். லூயெல்லா, மேலே பச்சை நூல். அடியில் ரோஸ்.

கேட்காமலே பையைக் கையில் எடுத்துவிட்டேன்.

இதே மாதிரிப் பை இன்னும் சில அவரிடம் இருக்கின்றனவாம். முத்திரை பெரிய கம்பெனியுடையது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் ரோஸ் நூலைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்கிறார்களாம். பை சேர்க்கிறவர்களில் சிலர் இது போலி என்றார்களாம், சிலர் நர்சுகளுக்குத் தனியாகத் தைத்தது என்றார்களாம். கடைசியில் யாரோ ஒரு தையற்காரி இது கச்சை தைக்கிற நூல் என்று சொல்ல, கச்சைக் கம்பெனி இருந்த ஊர் ஊராக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

கச்சைக் கம்பெனிக்காரியாயிற்றே, கச்சை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு ஓடி, பெட்டியின் அடியில் கிடந்த என் கல்யாணக் கச்சையை எடுத்து வந்தேன். நம் கம்பெனி பெயர் போட்ட சீட்டு அதில் அப்படியே இருக்கிறது. அத்தனை ஆம்பளைகள் நடுவில் மேசைமேல் விரித்துப் போட்டேன். ஆர்வில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டுவைட் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதே முறுக்கு, அதே ரோஸ்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை நூல் ரயிலில் எங்கேயோ மாட்டிக்கொண்டது, மறுநாள் சரக்கு போயாக வேண்டும், வெளியே தெரியாத அடிநூலுக்கு நீ ரோஸ் நூலைப் போட்டு விடிய விடிய ஓட்டினாய். வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. சரக்கு ரயிலேறிய பிறகு, மிச்சமிருந்த பை ஒன்றைச் சூப்பர்வைசர் டாலிவர் பிரித்துப் பார்த்தான். உன்னை எல்லார் முன்னாலும் நிறுத்தி, நம் பையன்கள் செத்தால் அது உன் தலையில்தான் என்று கத்தி, வேலையை விட்டு விரட்டினான். உன் அண்ணன் போர்க்கப்பலில் இருந்த நேரம் அது. பாவி, அந்தச் சொல்லை எப்படித்தான் சொன்னானோ.

டுவைட் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அப்புறம் பையை என் பக்கம் திருப்பினார். "இதைக் கட்டிக்கிட்டுப் போனவர் கன்சாஸ்ல இருக்காரும்மா. பிரான்சுல இறங்கி ஜெர்மனி வரைக்கும் போயிருக்காரு. போர் முடியறவரைக்கும் ஒரு தையல் விடலைன்னு சொல்லித்தான் என்கிட்ட குடுத்தாரு. பாருங்க, மேல்நூல்கூட அங்கங்க இத்துப்போச்சு. இந்த ரோஸ் நூல் அசையல."

அசையுமாடி? டாலிவர் பெண்டாட்டியையே இறுக்கிப் பிடித்த நூல், நாலு தோட்டாவுக்கா அசையும்?

காபிக் கடையிலேயே அழுதேன். வெட்கப்படவில்லை. ஆர்வில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கல்லில் சேர்த்துவிடுகிறேன், ஆனால் கச்சை என்று போட்டால் வருகிறவன் போகிறவனெல்லாம் சிரிப்பான், தையல் ஆலை என்று போடட்டுமா என்று கெஞ்சினான். "கச்சைன்னே வெட்டு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்" என்றேன். வெட்டிவிட்டார்கள். நேற்றுப் போய் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தேன். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நவம்பரில், படைவீரர் தினத்தன்று திறப்பு விழா. திரையை நான் விலக்க வேண்டும் என்றார்கள். முடியாது, அதற்கு உரியவள் அரிசோனாவில் இருக்கிறாள், அவள் வந்து விலக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கன்சாஸ்காரரும் வருகிறார். உன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுப் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது, படியேற வேண்டியதில்லை.

உன் மகன் டேலையும் கூட்டிக்கொண்டு வா. போர் நடந்தபோது நீ என்ன செய்தாய் அம்மா என்று அவன் கேட்டானாம், நீ ஒன்றும் செய்யவில்லை என்றாயாம். மேபெல் சொன்ன அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி அவன் கேட்டால் நீ வாயே திறக்க வேண்டாம். அவனை அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி நான் சொல்லிக்கொள்கிறேன். நீ வந்து பக்கத்தில் நின்றால் போதும்.

என்றும் உன் பக்கத்து மிஷின்காரி,
இர்மா