உம்மா அடித்த அடி

லாத்தா,

இன்று காலை மருமகள் பால்கனியில் உட்கார்ந்து முகத்தில் பூசத் தானாக்கா கட்டையைக் கல்லில் இழைத்துக்கொண்டிருந்தாள். சந்தனம் போன்ற அந்த ஈர வாசனை கூடத்துக்குள் வந்ததும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். நம் லான்மடாப் பேட்டையில் எந்தப் பெண்ணின் கன்னத்தில்தான் அது இல்லை? ஆனாலும் எனக்கு அது உங்கள் வாசனை.

சிறு வயதில் உங்களை என் கூடப் பிறந்த அக்கா என்றே நினைத்திருந்தேன். எதிர் வீட்டில் தனியாக இருந்தீர்கள். பகலெல்லாம் துணி தைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு எங்களிடம் வருவீர்கள். என் உம்மாவை நீங்களும் உம்மா என்றே கூப்பிட்டீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் வாப்பா பள்ளிவாசலுக்குப் போய்வருவார். அந்தி சாயும் நேரம் நீங்கள் விளக்கேற்றுவீர்கள். இரண்டும் ஒரே வீட்டு வழக்கம் என்றுதான் எனக்குப் பட்டது. நீங்கள் யூதப் பெண் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். "அதனால என்ன, உன் தலையை நான்தானே பின்னி விடுறேன்," என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

மற்றதையெல்லாம் எண்பத்தெட்டில்தான் சொன்னீர்கள். ஊர்வலம் போனவர்களை ராணுவம் தெருவில் சுட்டுக்கொண்டிருந்த நாள்கள். ஜன்னல்களை அடைத்துவிட்டு எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உம்மா கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தார். கீழே பூட்ஸ் காலடிகள் கடந்துபோனபோது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இந்தச் சத்தம் எனக்குப் புதுசு இல்லை புள்ளே," என்று ஆரம்பித்தீர்கள்.

ஜப்பான்காரர்கள் வந்தபோது உங்களுக்குப் பதினாறு வயது. உங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கப்பலிலும் கால்நடையாகவும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அம்மா இல்லாத உங்களை வைத்துக்கொண்டு உங்கள் பாபா மட்டும் நின்றுவிட்டார். காலில் ஊனம், மலை தாண்டி நடக்க முடியாது. கடிகாரக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருந்தவரை, ஆங்கிலேயர்களுக்கு உளவு சொல்கிறவர் என்று ஒருநாள் பிடித்துப் போனார்கள். போகும்போது எதிர்க் கதவில் நின்ற என் வாப்பாவை ஒரு தரம் பார்த்தாராம். சிப்பாய்கள் தெருமுனை திரும்பியதும் வாப்பா உங்களைக் கூட்டிவந்து உம்மாவிடம் விட்டார். "இனிமே இது நம்ம புள்ளை. பேரு மரியம்."

உம்மா உங்களுக்குப் புடவை கட்டி முக்காடு போட்டுவிட்டார். முகத்தின் வெளுப்புத் தெரியாமலிருக்கத் தானாக்காவை அப்பினார். சோறு, தண்ணி, கதவு என்று தமிழ் சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற நீங்கள் தயங்கியபோது, "எங்களுக்கும் வெள்ளிக்கிழமை பெரிய நாளுதான், ஏத்திக்க," என்று ஒரு வெறும் பானையை எடுத்துக்கொடுத்தார். வெளிச்சம் வெளியே தெரியாமல் அதற்குள் எரிந்தது உங்கள் திரி.

யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். வாப்பா இல்லாத நேரத்தில் இரண்டு சிப்பாய்கள் மாடியேறி வந்தார்கள். கூடவே மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழர்.

"உன் பேரு என்னம்மா?" என்று அவர் கேட்டார்.

"மரியம்."

"எந்த ஊரு உங்களுக்கு? அங்க யாரெல்லாம் இருக்காங்க?"

அதை உம்மா சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பதறியதில் முக்காடு நழுவி, உங்கள் செம்பட்டை முடி வெளியே தெரிந்தது. அப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்த உம்மா உங்களைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"வெக்கங்கெட்டவளே! அந்நிய ஆம்பளைங்க முன்னால தலையத் தொறந்து போட்டுக்கிட்டு நிக்கிறியே! உள்ளே போடி!"

சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். தமிழர் உங்களையும் உம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர்களிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். மூவரும் படியிறங்கினார்கள். அவர் மட்டும் இரண்டு படி மேலேறி வந்து, தணிந்த குரலில், "கொஞ்ச நாளைக்குப் புள்ளையை வெளிய விடாதீங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுப்படியில் உம்மா அழுதுகொண்டே உங்கள் கன்னத்தில் பதிந்த விரல் தடங்களின் மேல் தானாக்காவைத் தடவினாராம். "அன்னிக்குத்தான் முதல் தடவையா உம்மான்னு கூப்பிட்டேன்," என்றீர்கள்.

தூங்குகிறார் என்று நினைத்த உம்மா கட்டிலிலிருந்து கேட்டார்: "ரொம்ப வலிச்சுதாடி?"

நீங்கள் எழுந்துபோய் அவர் காலடியில் உட்கார்ந்தீர்கள். "வலிக்காம? எருமைக் கை உங்களுக்கு."

வெளியே இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

போர் முடிந்தபின் உங்களைக் கல்கத்தாவுக்கு வரச்சொல்லிச் சொந்தக்காரர்கள் கெஞ்சினார்கள். பாபா திரும்பினால் இந்த வீட்டைத்தானே தேடி வருவார் என்று மறுத்துவிட்டீர்கள். கல்யாணப் பேச்சையும் அப்படித்தான் தட்டிக்கழித்தீர்கள். அவர் வரவேயில்லை.

எண்பத்தெட்டுக்கு அடுத்த மழைக்காலத்தில் உம்மா போய்விட்டார். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் புறப்பட்டதும் உங்கள் ரவிக்கைக் கழுத்தைக் கொஞ்சம் கிழித்துக்கொண்டு வெறுந்தரையில் உட்கார்ந்தீர்கள். தாமுவேயிலிருந்து வந்திருந்த சின்னம்மா, "இது என்ன வழக்கம்?" என்றார், சற்றுக் கடுப்பாகவே.

"எங்க வழக்கம். பெத்தவங்களுக்கு ஏழு நாள் இப்படி உக்காருவோம். பாபா செத்தாரா இருக்காரான்னே தெரியாததால அவருக்கு உக்காரலை. உம்மாவுக்காவது உக்காந்துக்கறேனே."

சின்னம்மா உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து, உங்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

உங்கள் முறை வந்தபோது, உங்களைக் குளிப்பாட்ட உங்கள் ஆட்களில் ஒரு பெண்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. யூதக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் கதவுக்கு வெளியே நின்று முறையைச் சொல்லச் சொல்ல, நானும் மருமகளும் செய்தோம். வெள்ளைத் துணியை நானே சுற்றிவிட்டேன், லாத்தா.

இப்போது தொழுது முடித்ததும் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் கேட்கிற துஆவில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறேன். கடைசியாக உங்கள் பாபாவின் பெயரைச் சொல்கிறேன். நான் பார்த்தறியாத மனிதர். எங்கே கிடக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்காகக் கேட்க இந்த ஊரில் இனி நான்தானே இருக்கிறேன்.